க்ஷமா சாவந்த்: 2012 சட்டமன்றத் தோல்வி இல்லாமல் 2013 சியாட்டில் வெற்றி இருந்திருக்குமா?

தபால்வாக்கு (இழையைத் தொடங்கியவர்)

2013 நவம்பர் 5, ராத்திரி எட்டே கால். சியாட்டில் நகர்மன்றத் தேர்தலில், அந்த ஊர் அடங்கிய கிங் கவுண்டியின் முதல் எண்ணிக்கை வந்தது. பதவியில் இருந்த கவுன்சிலர் ரிச்சர்ட் கான்லின் ஏறக்குறைய 54 விழுக்காடு, அவரை எதிர்த்த க்ஷமா சாவந்த் 46. நான் அப்போது சியாட்டிலின் கேபிடல் ஹில் பகுதியில் ஒற்றை அறை வீட்டில் இருந்தேன். சரி, முடிந்தது என்று லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்தேன். பத்து நாள் கழித்து கான்லின் தோல்வியை ஒப்புக்கொண்டார். இறுதிக் கணக்கில் அவர் 3,151 வாக்கு பின்னால் இருந்தார்.

இதை எழுதக் காரணம், போன வாரம் வேறொரு இழையில் ஒருவர் அவரை "திடீரென்று முளைத்தவர்" என்று எழுதியிருந்தார். அது சரியில்லை. புனேயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மும்பையில் வளர்ந்து, கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து, அமெரிக்கா வந்தபின் வட கரோலினாவில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர் என்பது நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் முதலில் நின்றது நகர்மன்றத்துக்கு இல்லை, மாநிலச் சட்டமன்றத்துக்கு என்பது பலருக்குத் தெரியவில்லை. என் வாதம் இதுதான்: அந்தத் தோல்விதான் அடுத்த வருட வெற்றிக்கு வித்து.

2012-இல் வாஷிங்டன் மாநிலக் கீழவைக்கு 43-ஆவது தொகுதியில் நின்றார். கேபிடல் ஹில், யூனிவர்சிட்டி வட்டாரம், ஃப்ரீமாண்ட் பக்கமெல்லாம் அதில்தான் வரும். ஒரு தொகுதிக்குக் கீழவையில் இரண்டு இடங்கள். அவர் மனுப் போட்டது முதல் இடத்துக்கு. இரண்டாவது இடத்தில் இருந்தவர் ஃப்ராங்க் சாப், அவையின் சபாநாயகர். அவரை எதிர்க்கப் பலமான ஆள் இல்லாத நிலை. அப்போது 'தி ஸ்ட்ரேஞ்சர்' பத்திரிகை, சாப்புக்கு எதிராக சாவந்த் பெயரை வாக்குச்சீட்டில் கையால் எழுதிப் போடுங்கள் என்று வாசகர்களைக் கேட்டது. மக்கள் எழுதினார்கள். ஆகஸ்ட் முதல்சுற்றில் இரண்டு இடத்திலுமே அவர் இரண்டாவதாக வந்தார்.

இரண்டிலும் நிற்க முடியாது. சபாநாயகரையே எதிர்ப்பது என்று முடிவு செய்தார். கையால் எழுதி வந்த வேட்பாளர் என்பதால் வாக்குச்சீட்டில் அவர் கட்சிப் பெயரை அச்சிட முதலில் மறுத்தார்கள். வழக்குப் போட்டு, 'சோஷலிஸ்ட் ஆல்டர்நேட்டிவ்' என்ற பெயரைச் சீட்டில் ஏற்றினார். நவம்பரில் தோற்றார். ஆனால் கிடைத்தது சுமார் 29 விழுக்காடு, 20,000-க்கு மேல் வாக்குகள்.

அந்த 20,000 பேர் பழக்கப்பட்டவர்களாக ஆகிவிட்டார்கள். வீட்டு வாடகை, குறைந்தபட்சக் கூலி என்று பேசும் ஒருத்தி இருக்கிறார், அவர் பெயர் இப்படி, அவர் ஆட்கள் வீடு தேடி வருவார்கள் என்று அந்த வட்டாரத்துக்குத் தெரிந்துவிட்டது. 2013-இல் பூஜ்யத்திலிருந்து அவர் தொடங்கவில்லை.

பழையமாம்பலம்

தபால் தம்பி, நல்ல இழை. நான் சென்னையிலிருந்து படிக்கிறேன், பெண் பெல்வியூவில் இருக்கிறாள். இரண்டு சந்தேகம். நகர்மன்றத்துக்குக் கட்சிச் சின்னம் உண்டா? அப்புறம், முதல் நாள் 54-46 என்று தோற்றவர் எப்படி ஜெயிக்கிறார்? இங்கே அப்படி ஆனால் மறு எண்ணிக்கை கேட்டுத் தெருவில் உட்கார்ந்துவிடுவார்கள்.

தபால்வாக்கு

ஐயா, சின்னமும் கிடையாது, சீட்டில் கட்சிப் பெயரும் கிடையாது. நகர்மன்றத் தேர்தல் இங்கே கட்சி சாராதது. சட்டமன்றத்துக்கு மட்டும் "இன்ன கட்சியை விரும்புகிறார்" என்று வேட்பாளர் பெயருக்குக் கீழே போடுவார்கள். முதல்சுற்றில் எல்லாக் கட்சிக்காரரும் ஒரே பட்டியலில் இருப்பார்கள். மேலே வரும் இருவர் நவம்பரில் மோதுவார்கள். இருவரும் ஒரே கட்சியாகவும் இருக்கலாம். இந்த முறை இல்லையென்றால் ஜனநாயகக் கட்சிக் கோட்டையான 43-இல் ஒரு சோஷலிஸ்ட், சபாநாயகரோடு நேருக்கு நேர் நின்றிருக்கவே முடியாது.

இரண்டாவது சந்தேகத்துக்கு பதில், என் பெயரிலேயே இருக்கிறது. இங்கே எல்லாமே தபால் வாக்கு. பல நாள் முன்னாலேயே சீட்டு வீட்டுக்கு வந்துவிடும். தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழுந்திருந்தால் போதும், அப்புறம் வந்து சேர்ந்தாலும் எண்ணுவார்கள். முதல் ராத்திரி வெளியாவது முன்கூட்டியே அனுப்பியவர்களின் வாக்கு. சொந்த வீடு, வயதானவர்கள், நிதானமாக உட்கார்ந்து சீக்கிரம் போட்டுவிடுகிறவர்கள். வாடகைக்கு இருப்பவர்கள், இளைஞர்கள், இரண்டு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் கடைசி நாளில் வாக்குச்சீட்டு போடும் பெட்டியைத் தேடி ஓடுவார்கள். அவர்கள் வாக்கு புதன், வியாழன், வெள்ளி என்று ஒவ்வொரு நாள் மாலையும் எண்ணிக்கையில் சேரும். சாவந்தின் ஆதரவு அந்தக் கூட்டத்தில்தான் இருந்தது.

மழைமகள்

நான் 2019-இல் அவருக்காக வேலை செய்தேன். மாணவர் விசா. ஓட்டு கிடையாது, நன்கொடை கொடுக்கவும் சட்டம் விடாது. காசு வாங்காமல் உழைப்பதற்கு மட்டும் தடை இல்லை. அதைச் செய்தேன்.

தபால் அண்ணா சொல்லும் "கடைசி நாள் கூட்டம்" எப்படி உருவாகிறது என்று நான் கண்ணால் பார்த்தேன். அது தானாக வருவதில்லை. கையில் ஒரு பட்டியல். யாருடைய சீட்டு இன்னும் போய்ச் சேரவில்லை என்று கவுண்டி தினமும் வெளியிடும். அதை வைத்துக்கொண்டு அபார்ட்மெண்ட் அபார்ட்மெண்டாக ஏறுவோம். பாதிக் கட்டடங்களில் வாசல் பூட்டியிருக்கும், யாராவது உள்ளே போகும்வரை மழையில் நிற்கணும். ஒரு பையன் கதவைத் திறந்து, சீட்டு எங்கே வைத்தேன் தெரியலையே என்றான். அவனோடு சேர்ந்து நானும் பீட்சா விளம்பரத் தாள்களுக்கு நடுவே தேடினேன். கிடைத்தது, உறை பிரிக்காமல். சாப்பாட்டு மேசையிலேயே நிரப்பி, கையெழுத்துப் போட்டு, செருப்போடு என்கூட வந்து சியாட்டில் சென்ட்ரல் கல்லூரிப் பக்கமிருந்த பெட்டியில் போட்டான். யாருக்குப் போட்டான் என்று நான் கேட்கவில்லை.

அந்த வருடம் அவருக்கு எதிரே ஈகன் ஓரியன். அக்டோபரில் அமேசான் மேலும் பத்து லட்சம் டாலருக்கு மேல், ஓரியனை ஆதரித்த வணிகர் சங்கத்தின் தேர்தல் நிதிக்குக் கொடுத்தது. மொத்தம் 15 லட்சம் டாலர், ஒரு நகர்மன்றத் தேர்தலுக்கு! அந்தச் செய்தி வந்த வாரத்திலிருந்து கதவைத் திறந்தவர்களின் பேச்சே மாறிவிட்டது. அவரைப் பிடிக்காதவர்கள்கூட "எங்கள் கவுன்சிலரை ஒரு கம்பெனி தேர்ந்தெடுப்பதா" என்று கேட்டார்கள். முதல் ராத்திரி ஓரியன் எட்டு புள்ளி முன்னால் இருந்தார். கடைசியில் சாவந்த் நாலு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த வார இறுதியில் நான் அழுதேன், சொல்வதில் வெட்கம் இல்லை.

கணக்குப்பிள்ளை

நான் அவருக்கு ஒருமுறையும் வாக்களித்ததில்லை. காரணத்தை எழுதுகிறேன், திட்டுவதற்காக இல்லை.

கான்லின் மோசமானவர் இல்லை. 16 வருடம் மன்றத்தில் இருந்தவர், சுற்றுச்சூழலில் நிறையச் செய்தவர். 2011-இல் ஊதியத்தோடு கூடிய நோய் விடுப்புச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்த ஒரே கவுன்சிலர் அவர்தான், அதுவே அவரைக் கவிழ்த்தது. அது அவர் செய்த தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாவந்த் வந்தபின் மன்றத்தின் மற்ற எட்டுப் பேரோடும் சண்டைதான். தன் கட்சி சொல்வதுதான் தீர்மானம், மன்றத்தில் பேசி ஆள் சேர்ப்பது துரோகம் என்ற மாதிரி நடந்துகொண்டார். 2018-இல் பெரிய கம்பெனிகளுக்கு ஊழியர் ஒருவருக்கு 275 டாலர் வரி போட்டார்கள், ஒன்பதுக்கு ஒன்பது ஆதரவு. ஒரு மாதத்தில் 7-2 என்று அதே மன்றம் ரத்து செய்தது. தெருக்கூட்டத்தில் ஜெயித்த விஷயத்தை மன்றத்துக்குள் காப்பாற்ற முடியவில்லையே?

அவர் கேட்ட மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலியிலும் கணக்கு அவ்வளவு எளிதில்லை. 2017-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு, குறைந்த கூலிக்காரர்களின் வேலை நேரம் குறைந்தது, மாதம் சராசரியாக 125 டாலர் இழந்தார்கள் என்றது. பெர்க்லி ஆய்வாளர்கள் உணவகங்களை மட்டும் பார்த்து, அப்படி இல்லை, ஊதியம் ஏறியது, வேலை போகவில்லை என்றார்கள். இரண்டையும் படித்தவன் நான். எனக்கு இன்னும் முழுத் தெளிவு வரவில்லை.

ஒன்று மட்டும் அவர் பக்கம் எழுதுகிறேன். கவுன்சிலர் சம்பளம் அப்போது சுமார் 1,17,000 டாலர். அதில் 40,000 மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை இயக்கங்களுக்குக் கொடுத்தார். சொன்னதைச் செய்தார்.

வாடகைவீடு

கணக்குப்பிள்ளை சார், உங்கள் மரியாதையான எழுத்துக்கு நன்றி. நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

2014-இல் சியாட்டிலில் என் முதல் வீட்டுக்கு முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகை, அட்வான்ஸ், திரும்பி வராத துப்புரவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரே நாளில் கேட்டார்கள். என் கையில் இருந்தது ஊரிலிருந்து கொண்டுவந்த காசும் ஒரு நண்பன் கொடுத்த கடனும். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது பாக்கெட்டில் இருந்தது 38 டாலர். அந்த மாதம் முழுக்க ரசம் சோறுதான்.

2016 டிசம்பரில் அவர் கொண்டுவந்த சட்டம், அட்வான்ஸும் திரும்பாத கட்டணமும் சேர்ந்து ஒரு மாத வாடகையைத் தாண்டக் கூடாது, அதையும் தவணையாகக் கட்டலாம் என்றது. அப்புறம் 2020-இல் குளிர்கால மாதங்களில் வீட்டைக் காலி செய்ய வைக்கத் தடை. 2021-இல் வெளியேற்ற வழக்கில் வாடகைதாரருக்கு வக்கீல். இதெல்லாம் மன்றத்தில் வாக்கு வாங்கித்தானே நிறைவேறியது? மற்ற எட்டுப் பேரும் கை தூக்க வேண்டியிருந்ததற்கு, அறை நிறைய வாடகைதாரர்கள் உட்கார்ந்திருந்தது ஒரு காரணம். நான் ஒரு நாள் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஒருவருக்கு ஒன்றிரண்டு நிமிடம்தான் பேசத் தருவார்கள். எனக்கு முன்னால் பேசிய பாட்டி தன் நிமிடங்கள் முடிந்தும் மைக்கை விடவில்லை.

கூலி விஷயத்தில்: 2013-இல் மாநிலக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 9.19 டாலர். அதே நவம்பரில் பக்கத்து ஊர் சீடாக் 77 வாக்கு வித்தியாசத்தில் 15 டாலரை நிறைவேற்றியது. 2014 ஜூன் 2-இல் சியாட்டில் மன்றம் ஒருமனதாக. 2025-இல் இங்கே 20.76 டாலர். பெரிய கடைகளுக்கு முதலில், சிறியவற்றுக்கு மெதுவாக என்று இழுத்தது அவருக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் இவ்வளவு பெரிய நகரத்தில் முதலில் நடந்தது இங்கேதான்.

பழையமாம்பலம்

2013-இல் அவர் நகரம் முழுக்க ஜெயித்தார், அப்புறம் மூன்றாவது தொகுதியில் நின்றார் என்று என் பெண் சொல்கிறாள். குழப்பமாக இருக்கிறது.

தபால்வாக்கு

ஐயா, 2013-இல் அவர் ஜெயித்த அதே நாளில் மக்கள் இன்னொன்றுக்கும் வாக்களித்தார்கள். நகர்மன்றத்தின் ஒன்பது இடங்களில் ஏழு இடங்களை வார்டு மாதிரித் தொகுதிகளாகப் பிரிப்பது. அதனால் 2015-இல் அவர் மூன்றாம் தொகுதியில் நின்றார், பமீலா பேங்க்ஸை எதிர்த்து, சுமார் 56 விழுக்காடு வாங்கினார். அவருடைய தேர்தல்களிலேயே மூச்சு விட முடிந்தது அந்த ஒன்றில்தான்.

மன்றத்துக்குள் சண்டை பற்றி கணக்குப்பிள்ளை சார் எழுதியதை மறுக்க மாட்டேன். ஃப்ராங்க் சாப் மாதிரி ஒருவர் முப்பது வருடம் சட்டமன்றத்தில் உட்கார்ந்து குறைந்த வாடகை வீடுகளுக்கு மாநிலப் பணத்தைக் கொண்டுவந்தார். 2025 மார்ச்சில் அவர் காலமானபோது எதிர்த்து நின்றவர்களின் ஆட்களும் அதை மறுக்கவில்லை. அது ஒரு வழி. இதே ஊரிலிருந்து இன்னொரு உதாரணம் பிரமிளா ஜெயபால். சென்னையில் பிறந்தவர், மலையாளி. 2014-இல் மாநில மேலவைக்கு, 2016-இல் அமெரிக்கக் காங்கிரஸுக்கு. ஜனநாயகக் கட்சிக்குள் இருந்துகொண்டே. சாவந்த் கட்சிக்கு வெளியே நின்று வெளியிலிருந்தே அழுத்தினார். இரண்டு வழியும் வேண்டும் என்று நினைக்கிறேன். உள்ளே இருப்பவருக்குத் தைரியம் வருவதே வெளியே ஒருவர் தட்டும்போதுதான்.

கணக்குப்பிள்ளை

அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2021-இல் அவரைப் பதவியிலிருந்து நீக்க நடந்த ரீகால் வாக்கெடுப்பு? நீதிமன்றமே அனுமதித்ததே.

மழைமகள்

சார், மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது, குற்றச்சாட்டு உண்மை என்று எடுத்துக்கொண்டால் மக்கள் முன் வைக்கலாம் என்பது மட்டும்தான். உண்மையா என்று அது விசாரிக்கவில்லை. மூன்று விஷயம்: அமேசான் வரி இயக்கத்துக்கு மன்ற வசதிகளைப் பயன்படுத்தியது, 2020 ஜூனில் கொரோனா சமயத்தில் போராட்டக்காரர்களுக்கு ராத்திரி நகர மண்டபத்தைத் திறந்துவிட்டது, முகவரி ரகசியமாக இருந்த மேயர் வீட்டுக்கு ஊர்வலம் போனது. முதலாவதை அவரே ஏற்றுக்கொண்டு அபராதம் கட்டினார். மண்டபத்தைத் திறந்ததை நான் இன்றும் சரி என்பேன்.

ரீகாலுக்குச் சுமார் 10,700 கையெழுத்து வேண்டும். தள்ளிப் போனால் டிசம்பரில்தான் வாக்கெடுப்பு, பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். நவம்பருக்குள் நடந்துவிடட்டும் என்று, அவரை நீக்கச் சொல்லும் மனுவில் சாவந்தே கையெழுத்துப் போட்டார், நாங்களும் தெருவில் நின்று கையெழுத்து வாங்கினோம்! புரியாமல் எங்களைத் திட்டினவர்கள் உண்டு. ஆனாலும் நவம்பரைத் தவறவிட்டோம். 2021 டிசம்பர் 7 என்று தேதி வந்தது.

நடைபாதையில் மேசை போட்டு, பிரிண்டர் வைத்து, சீட்டைத் தொலைத்தவர்களுக்கு அங்கேயே மாற்றுச் சீட்டு அச்சிட்டுக் கொடுத்தோம். கவுண்டி விதிப்படி அது செல்லும். தார்ப்பாய்க்குக் கீழே பிரிண்டர், பிளாஸ்டிக் பையில் காகிதம். குளிரில் விரல் விறைத்து மை உறையை மாற்ற முடியாமல் ஒருவர் பல்லால் கிழித்தார்.

முதல் ராத்திரி, நீக்கலாம் என்பதே முன்னால். 53-47. கடைசியில் 310 வாக்கில் பதவி தப்பியது. 20,656-க்கு 20,346.

ரெட்மண்ட்காரன்

எல்லோரும் தேர்தலையே பேசுகிறீர்கள். எனக்கு அந்த 310 வாக்கின் அர்த்தம் வேறு. அவர் பதவியில் தொடர்ந்ததால்தான் 2023 பிப்ரவரி 21 நடந்தது. சாதிப் பாகுபாட்டைத் தடை செய்த முதல் அமெரிக்க நகரம் சியாட்டில். 6-1. கொண்டுவந்தவர் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர்.

நான் பிறந்த சாதியை இங்கே எழுதப்போவதில்லை. பன்னிரண்டு வருடம் முன்னால், வேலை செய்த இடத்தில் புதிதாக வந்த நம்மூர் சீனியர் ஒருவர் முதல் நாளே நட்பாகத் தோளைத் தட்டினார். கை முதுகில் கொஞ்ச நேரம் நின்றது. பூணூல் தட்டுப்படுகிறதா என்று பார்க்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அதன் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிடவில்லை. யாரிடம் போய் என்ன சொல்வது? "தோளைத் தட்டினார்" என்று புகார் எழுத முடியுமா?

நான் ரெட்மண்டில் இருக்கிறேன், சியாட்டில் சட்டம் என் ஆஃபீஸைத் தொடாது. கலிஃபோர்னியாவில் அதே மாதிரி மசோதா சட்டமன்றத்தைத் தாண்டியும் 2023 அக்டோபரில் ஆளுநர் நியூசம் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ஆனாலும் அன்றைக்கு மன்றத்தில் பேசியவர்களை நேரலையில் கேட்டேன். தமிழ்ப் பெயர்கள், தெலுங்குப் பெயர்கள், பஞ்சாபிப் பெயர்கள். எனக்கு நடந்ததையே வேறு வேறு குரல்கள் சொல்லிக்கொண்டிருந்தன. காரை ஓரமாக நிறுத்திவிட்டு முழுதும் கேட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

கணக்குப்பிள்ளை

ரெட்மண்ட் தம்பி, படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அந்தச் சட்டம் தேவையில்லை என்று இதே தளத்தில் எழுதியவன் நான். உங்கள் பதிவுக்குப் பிறகு அதை அப்படி எழுத மாட்டேன்.

வாடகைவீடு

2023 முடிவோடு அவர் மன்றத்தை விட்டுவிட்டார், மறுபடி நிற்கவில்லை. காங்கிரஸ் உறுப்பினர் ஆடம் ஸ்மித்தை எதிர்த்து 9-ஆவது காங்கிரஸ் தொகுதியில் 2026 தேர்தலில் நிற்பதாக 2025-இல் அறிவித்தார். தபால் சார், உங்கள் கணக்குப்படி இது 2012 மாதிரியா, 2013 மாதிரியா?

தபால்வாக்கு

தொகுதி பெரிது, கேபிடல் ஹில்லைவிட புறநகர்கள் அதிகம். 2012 மாதிரி என்றுதான் சொல்வேன். ஆனால் 2012 எதற்குப் பயன்பட்டது என்று முதல் பதிவிலேயே எழுதிவிட்டேன்.

மழைமகள், உங்களிடம் ஒன்று சொல்லணும். 2018-இல் குடியுரிமை வாங்கினேன், ரீகாலில் என் ஓட்டு கிட்டத்தட்ட விழாமலே போயிருக்கும். உறையின் வெளியே கையெழுத்துப் போடும்போது அவசரத்தில் ஆங்கிலத்தில் இனிஷியல் மட்டும் கிறுக்கிவிட்டேன். லைசென்சில் இருப்பது தமிழ்க் கையெழுத்து. பொருந்தவில்லை என்று கடிதம் வந்தது. ஆஃபீஸ் வேலையில் அதை ஃபிரிட்ஜ் மேலே வைத்துவிட்டு மறந்தேபோனேன். ஒரு சாயங்காலம் நனைந்த ஜாக்கெட்டோடு ஒரு பெண் கதவைத் தட்டி, "உங்கள் கையெழுத்தில் சிக்கல் இருக்கிறது, முடிவைச் சான்றளிப்பதற்கு முந்தைய நாள் வரைக்கும் சரிசெய்யலாம்" என்று கையில் அந்தப் படிவத்தோடு நின்றார். வாசலிலேயே தமிழில் கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே அனுப்பினேன்.

மழைமகள்

எந்தத் தெரு அண்ணா? பைன் தெருவுக்கு மேலே, நீலக் கதவு?

தபால்வாக்கு

நீலக் கதவுதான்.